முதல் ஸ்டீரியோ வாங்கும்போது பணத்தை எதில் போடுவது?

ஒரு கர்நாடக இசைக் கச்சேரி மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு நேரே நடுவில் பாடகர். நம் பார்வையில் அவருக்கு வலப்பக்கம் வயலின். எதிர்ப்பக்கத்தில், மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்திருக்கும்படி அமர்ந்திருக்கும் மிருதங்க வித்வான். அந்த மேடையை இரண்டு ஒலித்தடங்களில் பதிவு செய்து, வீட்டு ஹாலில் இரண்டு ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பாடகர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, எந்தப் பெட்டியும் இல்லாத இடத்திலிருந்து பாட வேண்டும். இது நடந்தால்தான் அதை ஸ்டீரியோ என்று சொல்லலாம். முதன்முதலாக ஒரு சிஸ்டம் வாங்கப் போகிறவர் விலையையும் வாட் கணக்கையும் பார்ப்பதற்கு முன்னால், இந்த ஒன்றுக்காகத்தான் பணம் செலவழிக்கிறோம் என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இதற்குக் காரணம் நம்முடைய இரண்டு காதுகள். இடப்பக்கமிருந்து வரும் ஒலி இடது காதை முதலிலும், தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதைச் சற்றுப் பிந்தியும் அடைகிறது. இந்த நேர வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது என்றாலும், அதையும் இரு காதுகளிலும் விழும் ஒலியின் அளவு வேறுபாட்டையும் கொண்டே ஒலி வரும் திசையை மூளை கணித்துவிடுகிறது. இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒரே குரல் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், அது நடுவிலிருந்து வருவதாகவே மூளை எடுத்துக்கொள்ளும். வலது ஸ்பீக்கரில் வயலின் சற்றுக் கூடுதலாக ஒலித்தால், வயலின் வலப்பக்கம் நகர்ந்து உட்காரும். இங்கிலாந்தில் ஈஎம்ஐ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆலன் ப்ளூம்லைன் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1931ஆம் ஆண்டு டிசம்பரில். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தது 1950களின் இறுதியில். இன்று கைப்பேசியில் நாம் கேட்கும் பாட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு தடங்களாகத்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன.

ஆகவே இரண்டு நிபந்தனைகள். ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும்; கேட்கிறவர் இரண்டுக்கும் சம தூரத்தில் உட்கார வேண்டும். ஒரு சிறிய உருளைக்குள் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஒலிப்பான்களை வைத்து, அதன் மேல் ஸ்டீரியோ என்று அச்சிட்டு விற்கும் புளூடூத் ஸ்பீக்கரை இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால், அந்த இரண்டுக்கும் இடையே நம் காதுக்குத் தெரியும் கோணம் நான்கு டிகிரிகூட இல்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் இசையைக் கலக்கும்போது வைத்துக்கொள்ளும் கோணம் 60 டிகிரி. சமையலறையிலும் மொட்டை மாடியிலும் பாட்டு கேட்க அந்த உருளை போதும், ஆனால் மேடை அதில் விரியாது. டிவிக்குக் கீழே வைக்கும் சவுண்ட்பாருக்கும் ஓரளவு இதே நிலைதான்.

நம் வீடுகளில் ஹோம் தியேட்டர் மீது ஒரு தனி ஆசை உண்டு. ஐந்து சிறு பெட்டிகள், கீழ்ச்சுருதிக்கென்றே ஒரு சப்வூஃபர், ஒரு ரிமோட், எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் கிடைக்கும்போது, அதே விலைக்கு வெறும் இரண்டு பெட்டிகளை வாங்குவது நஷ்டம் போலத் தோன்றுவது இயல்பு. இசைக்காக என்றால் அது நஷ்டமே இல்லை. அந்த ஐந்து பெட்டிகளில் இருக்கும் ஒலிப்பான்கள் உள்ளங்கைக்குள் அடங்குபவை. அவற்றால் கீழ்ச்சுருதிகளை எழுப்ப முடியாது. அதனால் ஆண் குரலின் அடிப்பகுதி உட்பட நிறைய விஷயங்களைச் சப்வூஃபரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். பாடகரின் குரலில் பாதி டிவிக்கு அருகிலிருந்தும் மீதி சோபாவுக்குப் பின்னால் தரையில் கிடக்கும் பெட்டியிலிருந்தும் வந்தால், மேடை எப்படி அமையும்? அதே பணத்தில் இரண்டே இரண்டு நல்ல பெட்டிகளை வாங்குங்கள் என்று கேட்கிற எல்லாரிடமும் நான் சொல்லி வருகிறேன்.

வீட்டில் ஸ்ட்ரீமிங் இசை ஒலிப்பதற்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். இணையத்திலிருந்து பாட்டை இறக்கி மின்னலையாக மாற்ற ஒரு கருவி. அந்த அலையைப் பெரிதாக்க ஆம்பிளிஃபயர். அதைக் காற்றில் அதிர்வாக மாற்ற ஸ்பீக்கர். மூன்றில் முதல் இரண்டும் சில்லுகளின் வேலை என்பதால், அவற்றின் விலை கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் வெகுவாக இறங்கிவிட்டது. ஆயிரம் ரூபாய்ப் பொருளும் பத்தாயிரம் ரூபாய்ப் பொருளும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் நிலை வந்துவிட்டது. ஸ்பீக்கர் மட்டும் இன்னும் காகிதம், காந்தம், மரப்பெட்டி, செம்புச் சுருள் ஆகியவற்றால் ஆன பொருளாகவே இருக்கிறது, அவற்றில் சிக்கனம் செய்தால் உடனே காதில் தெரிந்துவிடும். பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டு உழைக்கும். ஸ்ட்ரீமிங் கருவிகளுக்கு அந்த ஆயுள் கிடையாது. கூகுள் 2015இல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சிறிய வட்டக் கருவி பலருக்கும் பிடித்திருந்தும், 2019இன் தொடக்கத்திலேயே அதன் விற்பனைக்கு முடிவு கட்டிவிட்டார்கள். அதோடு இணைத்திருந்த ஸ்பீக்கர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறொரு கருவியைச் செருகினால் தொடர்ந்து பாடின.

ஸ்பீக்கர்களில் இரண்டு வகை. ஆம்பிளிஃபயரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தருவது ஆக்டிவ். வெறும் பெட்டியாக வந்து, வெளியே தனி ஆம்பிளிஃபயரை எதிர்பார்ப்பது பாசிவ். ஆக்டிவ் ஜோடியில் பொதுவாக ஒரு பெட்டிக்குள் எல்லா மின்னணுப் பாகங்களும் இருக்கும். மற்றொன்று அதிலிருந்து ஒரு கம்பி வழியாக இயங்கும். எடிஃபயர் நிறுவனத்தின் ஆர்1280 வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கீழ்ச்சுருதிக்கு 4 அங்குல வூஃபர், மேல்சுருதிக்கு 13 மி.மீ. ட்வீட்டர், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 42 வாட். அதன் ‘டிபி’ என்று முடியும் மாடலில் புளூடூத்தும் ஆப்டிகல் (ஒளிக்கம்பி) இணைப்பும் உண்டு. இடம் குறைவு, கம்பிகளோடு மல்லுக்கட்டப் பிடிக்காது, கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் ஆக்டிவ் ஜோடியே சரி. இருபதாயிரம் வரை போக முடிந்தவருக்குப் பாசிவ் பாதையையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆக்டிவ் ஸ்பீக்கரில் உள்ளிருக்கும் பலகை எரிந்துவிட்டால், அதற்கான உதிரி கிடைக்காத ஊரில், நன்றாக இருக்கும் வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்தே குப்பைக்குப் போகும்.

ஸ்பீக்கரின் அளவு அறையைப் பொறுத்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 4 அல்லது 5 அங்குல வூஃபர் கொண்ட புக்‌ஷெல்ஃப் எனப்படும் சிறிய பெட்டி வகை போதுமானது. பேஸ் கிட்டாரின் மிகக் கீழான தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. 4 அங்குல வூஃபர் 70 ஹெர்ட்ஸை ஒட்டியே தளரத் தொடங்கிவிடும். என்றாலும் அந்தச் சுரத்தின் மேல் அடுக்குகளைக் கேட்டு அடிச்சுரத்தை மூளை ஓரளவு நிரப்பிக்கொள்வதால் பாட்டு குறையாகத் தெரிவதில்லை. நெஞ்சில் முட்டும் தாளம் வேண்டும் என்பவர் ஆறரை அங்குலத்துக்குப் போகலாம், ஆனால் சிறிய அறையில் அது வரமாவதைவிடத் தொல்லையாவதே அதிகம்.

அடுத்து வாட். இந்த ஒரு சொல்லை வைத்து முதல்முறை வாங்குகிறவர்களை ஏமாற்றுவது எளிது என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். அட்டையில் ‘பிஎம்பிஓ’ என்று போட்டு ஆயிரக்கணக்கில் ஓர் எண் இருந்தால், அதற்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது, அதைப் படிக்காமல் கடந்துவிடலாம். பார்க்க வேண்டியது ‘ஆர்எம்எஸ்’ வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட். அதிலும் எவ்வளவு தேவை என்பதை ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி சொல்லும். 86 டெசிபல் என்று ஒரு ஸ்பீக்கரில் போட்டிருந்தால், ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் ஒலி எழும் என்று பொருள். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 8 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்வதால் 3 டெசிபல் கூடும். ஆக, பெட்டிக்கு ஒரே ஒரு வாட்டில் சோபாவில் 81 டெசிபல் கிடைக்கிறது, அதுவே பேச்சை உயர்த்திப் பேச வேண்டிய அளவுக்குச் சத்தம். தவில் ஓங்கி விழும் கணங்களுக்கு 15 டெசிபல் கூடுதலாக வேண்டும் என்று வைத்தாலும் சுமார் 30 வாட் போதும். பத்து டெசிபல் கூட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 3 டெசிபல்.

இன்று மலிவாகக் கிடைக்கும் ஆம்பிளிஃபயர்கள் கிளாஸ்-டி என்ற வகையைச் சேர்ந்தவை. கையளவுப் பெட்டி, சூடும் அதிகம் ஏறாது, ஒலியும் நன்றாகவே இருக்கும். ஆனால் முகப்பில் 2×100 வாட் என்று எழுதியிருக்கும். கூடவே வரும் அடாப்டரைத் திருப்பி அதன் முதுகில் உள்ள எண்களைப் படியுங்கள். 24 வோல்ட், 4.5 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கினால் 108. அடாப்டரிலிருந்து வருவதே 108 வாட் என்றால் 200 வாட் எங்கிருந்து தொடர்ந்து வெளியேறும்? மேலும் 24 வோல்ட்டை வைத்துக்கொண்டு மின்தடை 8 ஓம் உள்ள ஸ்பீக்கரில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 36 வாட்டுக்கு மேல் தெளிவாகத் தர இயலாது. மேலே போட்ட கணக்கின்படி அந்த 36 வாட் நமக்குத் தாராளம், அதனால் ஆம்பிளிஃபயரை ஒதுக்க வேண்டியதில்லை. அந்த 100 என்ற எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பதே நான் சொல்ல வருவது.

இனி பாட்டு வரும் வழி. எல்லாரும் முதலில் நினைப்பது புளூடூத். ஸ்ட்ரீமிங் சேவையிலிருந்து ஏற்கெனவே சுருங்கி வந்த பாட்டைக் கைப்பேசி மறுபடியும் சுருக்கி அனுப்புகிறது என்பது அதன் மீதான குறை. எல்லாக் கருவிகளிலும் இருக்கும் எஸ்பிசி முறை வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட்டை ஒட்டியும், சோனி உருவாக்கிய எல்டாக் 990 கிலோபிட் வரையிலும் அனுப்பும். இருபதாயிரம் ரூபாய்க்குள் அமையும் சிஸ்டத்தில் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலோர் உணர மாட்டார்கள் என்பது என் கருத்து. எனக்குப் பெரிய தொல்லையாகப் படுவது வேறு: ஆலாபனையின் நடுவே தொலைபேசி மணி ஸ்பீக்கரில் அடிக்கும், கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பாட்டு அறுந்துவிடும்.

வைஃபை வழியில் இந்தத் தொல்லை இல்லை. கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற ஏற்பாடுகளில் என்ன பாட்டு வேண்டும் என்பதைக் கைப்பேசி சொல்வதோடு சரி. பாட்டை இணையத்திலிருந்து நேராக இழுத்துக்கொள்வது ஸ்பீக்கரோடு இருக்கும் கருவிதான். அழைப்பு வந்தால் பேசலாம், பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கைச்செலவைக் குறைக்க நினைக்கிறவர் கம்பியிலேயே தொடங்கலாம். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசியை இதற்கென்றே ஒதுக்கி, யுஎஸ்பி-சி துளையில் ஒரு சிறு டாங்கிளைச் செருகி, அங்கிருந்து இரட்டை ஆர்சிஏ முனை (சிவப்பு, வெள்ளைச் செருகிகள்) கொண்ட கம்பியை ஆம்பிளிஃபயருக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. டாங்கிள் வாங்கும்போது அதற்குள் டாக் சில்லு, அதாவது எண்களாக இருக்கும் பாட்டை மின்னலையாக மாற்றும் சில்லு, இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாத வெறும் இணைப்பான்களும் அதே உருவத்தில் விற்கின்றன. ஆப்பிள் விற்கும் சின்ன அடாப்டரில் நல்ல டாக் இருக்கிறது, ஆனால் சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதன் ஒலியளவு குறைவாகவே வரும்.

சேவையின் தரத்தைப் பற்றி ஒரே வார்த்தை: அமைப்புகளுக்குள் போய் ஒலித்தரத்தை உச்சத்தில் வையுங்கள். நொடிக்கு 320 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி ஆகும்; வீட்டு இணைய இணைப்புக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆப்பிள் மியூசிக் 2021ஆம் ஆண்டு முதல் கூடுதல் கட்டணமின்றி, சுருக்கும்போது எதையும் இழக்காத (இழப்பற்ற) தரத்திலும் தருகிறது, இருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்காகவே சேவையை மாற்ற வேண்டியதில்லை.

ஆக, இருபதாயிரம் ரூபாயை நான் இப்படித்தான் பிரிப்பேன்: பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் பாசிவ் ஸ்பீக்கர் ஜோடிக்கு, ஐந்து, ஆறாயிரம் ஆம்பிளிஃபயருக்கு, மீதியில் டாங்கிளும் கம்பியும். ஸ்பீக்கர் கம்பி 16 கேஜ் கனத்தில் முழுச் செம்பாக இருந்தால் போதும். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் போட்ட கம்பி பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் என்பதால், முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்து வெள்ளையாகத் தெரிகிறதா என்று கவனிக்கவும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய ஸ்பீக்கர்களையும் தேடலாம். அப்படித் தேடும்போது வூஃபரின் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரையால் ஆன வளையம் வெயிலிலும் ஈரக் காற்றிலும் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் வளையம் நீண்டநாள் தாங்கும்.

வாங்கிய பிறகு செய்யும் இணைப்பில் ஒரு பிழை மிக எளிதாக நேர்ந்துவிடும். என் வீட்டில் முதல் ஜோடியை மாட்டிய அன்று மாலை, பலமுறை கேட்டுப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. அறை முழுக்கப் பரவிக் கிடந்தது. அதைவிட வருத்தம், மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கீழ்ச்சுருதி தரும் இடப்பக்கம், காணாமல் போயிருந்தது. வலந்தலையின் சொற்கள் துல்லியமாக விழுந்தன, அவற்றுக்கு அடியில் உருள வேண்டிய கும்காரம் இல்லை. ஸ்பீக்கரையே குறை சொல்லிக்கொண்டிருந்த பிறகு டார்ச்சை எடுத்துப் பின்பக்கம் பார்த்தபோது, வலது பெட்டியில் மட்டும் சிவப்பு முனையில் போக வேண்டிய கம்பி கறுப்பில் முடுக்கப்பட்டிருந்தது. அப்படி மாறிவிட்டால் இடது கூம்பு முன்னால் தள்ளும்போது வலது கூம்பு பின்னால் இழுக்கும்; கீழ்ச்சுருதி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டு இரண்டு முனைகளை இடம் மாற்றினேன். அதே பதிவில் தொப்பி வந்தது, பாடகர் டிவிக்கு நேர் முன்னே வந்து உட்கார்ந்தார்.

பிறகு இடம். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்கிறவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருப்பது போல அமைப்பதே அடிப்படை. பெட்டிகளுக்கு நடுவே இரண்டு மீட்டர் என்றால் நமக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அதே இரண்டு மீட்டர். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். ஷோகேஸ் தட்டுக்குள் ஸ்பீக்கரைச் செருகிவைப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் காணும் தவறு: பின்னால் காற்றுத்துளை உள்ள பெட்டிக்கு மூச்சு முட்டும், தட்டும் சேர்ந்து அதிரும், எல்லாப் பாட்டும் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். சுவரிலிருந்து ஒரு சாண் அளவாவது முன்னே இழுத்து, மூலையிலிருந்து விலக்கி, தனி ஸ்டாண்டிலோ உறுதியான முக்காலியிலோ வையுங்கள். சுவரை நெருங்க நெருங்கக் கீழ்ச்சுருதி பருக்கும் என்பதால், ஒவ்வொரு அங்குலமாக நகர்த்தி உங்கள் அறைக்கான இடத்தை நீங்களே கண்டுகொள்ளலாம்.

டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவர்களும் உள்ள ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஒரு கூர்மையான ரீங்காரம் தொங்கிக்கொண்டிருந்தால், பாடகர் உச்சரிக்கும் ஒவ்வொரு எழுத்தின் மேலும் அந்த ரீங்காரம் படியும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் இடையே தரையில் ஒரு தடித்த ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பக்கச் சுவரில் நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை இதை நன்றாகவே தணிக்கும். இவ்வளவும் செய்து, இரண்டு மூன்று வாரம் கேட்ட பிறகும் அடித்தாளம் போதவில்லை என்று தோன்றினால், அப்போது ஒரு சப்வூஃபரைச் சேர்க்கலாம். அதன் வெட்டு அளவை, அதாவது எதற்குக் கீழுள்ள ஒலியை மட்டும் அது ஏற்க வேண்டும் என்பதை, 80 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று காது சுட்டிக்காட்ட முடியாத அளவுக்கு அதன் ஒலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.